லைன்ல ஆள் நிக்கி

“லைன்ல ஆள் நிக்கி.”

நாஞ்சில் நாட்டில் இந்த மூன்று சொல்லைக் கேட்கிறவர், எந்த இடத்தில் நின்று கேட்கிறார் என்பதை வைத்துத்தான் பொருள் கொள்ள முடியும். ரேஷன் கடை வாசலில் கேட்டால், முன்னால் கூட்டம் இருக்கிறது, பையை வைத்துவிட்டு நிழலில் ஒதுங்கு என்று பொருள். மின்வாரியத்துக்குப் போன் போட்டு, கரண்டு எப்போது வரும் என்று விசாரிக்கையில் இதே பதில் வந்தால், கம்பத்தில் ஆள் ஏறியிருக்கிறார், அவர் இறங்கும்வரை விசிறிதான் கதி என்று பொருள். பலசரக்குக் கடை மேசையில் கறுப்புத் தொலைபேசி கனத்துக் கிடந்த காலத்தில், ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு கடைக்காரர் சொன்னது வேறு: டிரங்க் காலில் யாரோ காத்திருக்கிறார், ஓடி வா. தண்டவாளத்தின் பக்கத்தில் ஒருவர் இதைக் கத்தினால், கேட்டவர் நின்று யோசிக்கக் கூடாது.

நாலு இடம், நாலு பொருள். ஒருவரும் குழம்புவதில்லை. பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவர்கூட நாலையும் சரியாகப் பிரித்துக்கொள்கிறார். எப்படி?

பல பொருள் தரும் சொற்களைப் பற்றி ஆங்கிலேயர் நிறையவே பெருமைப்பட்டுக்கொள்வார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்கு. அடுத்த பதிப்புக்கான வேலையில் அந்த இடத்தை ‘ரன்’ பிடித்தது. வினையாக மட்டும் அதற்கு 645 பொருள் என்று கணக்குச் சொன்னார்கள். ‘லைன்’ அவ்வளவு பெரிய பண்ணையார் இல்லை, ஆனாலும் வசதியான குடும்பம். அகராதியில் அதன் கதை நூலில் தொடங்குகிறது. லத்தீனில் ‘லீனும்’ என்றால் ஆளிச்செடி. அந்த நாரில் திரித்த இழை ‘லீனியா’. இழையிலிருந்து கயிறு, கயிற்றிலிருந்து கோடு, கோட்டிலிருந்து வரிசை, எல்லை, பாதை, பரம்பரை, தொழில் என்று கிளை கிளையாகப் போகிறது. வேர், தண்டு, கொம்பு எல்லாம் உள்ள மரம் அது.

நம் ஊருக்கு அந்த மரம் வரவில்லை. கொப்புகள்தான் வந்தன. ஒவ்வொரு கொப்பையும் ஒவ்வொரு ஆள், வேறு வேறு காலத்தில், வேறு வேறு வேலைக்காகக் கொண்டுவந்து நட்டுவிட்டுப் போனான். பட்டாளத்தான், தோட்டத் துரை, ரயில்வேக்காரர், மின்வாரியம், லாரி முதலாளி, வட்டிக்காரர். ஆகவே தமிழில் ‘லைன்’ என்பது பல பொருள் தரும் ஒரு சொல் இல்லை. ஒரே ஒலியில் வந்து சேர்ந்த ஏழெட்டுச் சொற்கள். இதைச் சொல்லக் குமரி மாவட்டத்தைவிட நல்ல இடம் கிடையாது. அதிலும் ஆரல்வாய்மொழிக் கணவாய்.

அந்தக் கணவாயில் முதலில் வந்த லைன் ஒரு சுவர். திருவிதாங்கூர் அரசு கிழக்கு எல்லையைக் காக்க மலையிலிருந்து கடற்பக்கமாக இழுத்திருந்த அரண்வரிசையை ஆங்கிலேயர் ‘ஆரம்போலி லைன்ஸ்’ என்றுதான் எழுதினார்கள். வடக்கே 1789 கடைசியில் திப்பு சுல்தான் மோதிய நெடுங்கோட்டையும் அவர்கள் கணக்கில் ‘திருவிதாங்கூர் லைன்ஸ்’. வேலுத்தம்பித் தளவாய் கும்பினிக்கு எதிராகக் கிளம்பியபோது, பாளையங்கோட்டைப் பக்கமிருந்து வந்த கர்னல் செயின்ட் லெஜரின் படை 1809 பிப்ரவரி 10 அன்று இந்த அரணைப் பிடித்தது. இரவில் மலைமுள்ளுக்குள் ஏறி, விடியும்போது உள்ளே குதித்த பிரிவுக்குத் தலைமை தாங்கிய மேஜர் வெல்ஷ், பிற்பாடு தன் பட்டாள நினைவுகளைப் புத்தகமாகவே போட்டார். கணவாய் விழுந்ததும் உதயகிரியும் பத்மநாபபுரமும் எதிர்ப்பில்லாமல் கைமாறின.

இவ்வளவு ரத்தம் சிந்தி வந்த அந்த ‘லைன்’, ஊரார் நாக்கில் ஒட்டவே இல்லை. மிச்சமிருந்த கல்லையும் மண்மேட்டையும் சனங்கள் கோட்டை என்றார்கள், இன்றும் கோட்டைதான். கையில் சொல் இருக்கும்போது கடன் வாங்குவானேன்? அதே 1809இல், பக்கத்து மயிலாடியில் ரிங்கல்தௌபே பாதிரியார் கோயில் எழுப்பினார். ஆங்கிலப் படிப்பு இந்தப் பக்கம் கால் வைத்தது அந்த மிஷனின் வழியாகத்தான். படைநடத்தியவரின் ஆங்கிலம் காற்றோடு போக, பாடம் நடத்தியவர்களின் ஆங்கிலம் தங்கியது.

அடுத்த லைன் மலைமேல் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அசம்பு மலையில் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. அதே காலத்தில் தென் திருவிதாங்கூரிலிருந்து கூலிக்கு ஆள்கள் இலங்கைக்கும் போனார்கள். தோட்டக் கூலிகளைக் குடிவைக்க ஒரே கூரையின் கீழ், ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம் அந்தப் பக்கம் ஒரு குடும்பமாக நீளவாக்கில் கட்டிய அறைகளைத் துரைமார் ‘லைன்’ என்றார்கள். பட்டாளக் குடியிருப்புக்கு வைத்திருந்த பெயரையே கூலிக்கும் வைத்தார்கள். கேரளத் தோட்டங்களிலும் இலங்கை மலையகத்திலும் அது ‘லயம்’ ஆயிற்று. லயன், லயக் காம்பரா என்றும் சொல்வார்கள். காம்பரா போர்த்துகீசியர் விட்டுப்போன சொல், ஆக ஒரு பத்தடி அறைக்கு இரண்டு ஐரோப்பிய மொழிகளின் பெயர்.

லயம் என்று சொன்னால் சங்கீதம் தெரிந்தவருக்குத் தாளம் நினைவுக்கு வரும். கொஞ்சம் இழுத்துச் சொன்னால் குதிரை கட்டும் லாயம். இரண்டுக்கும் இதற்கும் உறவில்லை, ஆனால் காதில் விழும்போது மூன்றும் உரசத்தான் செய்கின்றன. ஆங்கிலத்திலிருந்து வந்த தடமே தெரியாமல் தமிழுக்குள் முழுசாகக் கரைந்த ஒரே லைன் இதுதான் என்பேன். அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது ஆங்கிலச் சொல் இல்லை, வீட்டின் பெயர். பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர்க் காடுகளில் போய் ‘லைன் வீடு’ என்று கேட்டாலும் கைகாட்டுவார்கள். இலங்கையில் லயத்திலிருந்து வெளியேறி ஏழு பேர்ச் நிலமும் தனி வீடும் வேண்டும் என்று மலையகத் தமிழர் பல காலமாகப் போராடுகிறார்கள். ஒரு சொல்லை விட்டு வெளியேற அரசியல் இயக்கம் தேவைப்படும் இடமும் உண்டு.

இனி ரயில். செங்கோட்டை மலையைக் குடைந்து 1904இலேயே கொல்லத்துக்கு ரயில் போயிற்று. நாகர்கோவில்காரர் முக்கால் நூற்றாண்டு காத்திருந்தார். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குத் தடம் வந்தது 1979இல். திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் இடையில், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே, 1981இல். தண்டவாளம் என்ற நல்ல தமிழ்ச் சொல் இருந்தாலும் அது இரும்பைத்தான் குறித்தது. பாதை முழுவதற்கும் ‘லைன்’. பிள்ளைகளைக் கண்டிக்கும் அம்மாக்கள், “லைனைத் தாண்டிப் போவாத மக்களே” என்றார்கள்.

ரயிலோடு கூடவே வந்தது ‘லைன் கிளியர்’. ஒரு நிலையத்திலிருந்து வண்டியை அனுப்ப வேண்டுமானால், அடுத்த நிலைய அதிகாரியிடம் அனுமதி கேட்க வேண்டும். நடுவில் வேறு வண்டி இல்லை என்று உறுதிசெய்துகொண்டு அவர் லைன் கிளியர் கொடுப்பார். கொடுத்துவிட்டால் வண்டி வரும். இந்தச் சொல் நிலையத்தைத் தாண்டி ஊருக்குள்ளும் வந்துவிட்டது. பெண்வீட்டார் சம்மதித்தாலும் லைன் கிளியர், வங்கியில் கடன் கிடைத்தாலும் லைன் கிளியர்.

அதே கணவாயில், தண்டவாளத்துக்கு மேலே இன்னொரு லைன் போகிறது. முப்பந்தலில் சுழலும் காற்றாலைகளின் மின்சாரத்தைச் சுமக்கும் கம்பிகள். தென்மேற்குப் பருவக் காற்று இந்த மலைச்சந்து வழியாகப் பிதுங்கி வரும் வேகத்துக்குத்தான் நூற்றுக்கணக்கில் அந்த ராட்சத விசிறிகளை நட்டார்கள். மின்வாரியத்திலும் ‘லைன் கிளியர்’ உண்டு. பேச்சில் சுருக்கி ‘எல்.சி.’ என்பார்கள். கம்பத்தில் ஏறப் போகிறவர் துணைமின் நிலையத்தில் எல்.சி. வாங்க வேண்டும். அங்கே சுவிட்சைப் பிரித்து, மின்சாரம் போகாதபடி செய்து, எழுதிக் கொடுப்பார்கள். கம்பியை எர்த் பண்ணிவிட்டு வேலையைத் தொடங்குவார். வேலை முடிந்ததும் வாங்கியவரே திருப்பிக் கொடுத்தால்தான் மறுபடி சுவிட்ச் போடலாம்.

கவனியுங்கள்: ரயில்காரருக்கு லைன் கிளியர் என்றால் வண்டி வரலாம். மின்வாரியக்காரருக்கு லைன் கிளியர் என்றால் கரண்டு வரவே கூடாது. ஒரே சொற்றொடர், ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிடும் இரண்டு லைன்களில் நேர் எதிரான இரண்டு கட்டளை. இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் உயிர் போகும். அகராதியில் இவை ஒரே பதிவின் கீழ் அடுத்தடுத்த எண்ணாக உட்கார்ந்துகொள்ளும். வேலை செய்கிறவர்களுக்கு இவை இரண்டு வேறு சொற்கள். சொற்பொருளைப் பிரித்துக்காட்டுவது இலக்கணம் என்று படித்தவர்கள் நினைக்கிறோம். நான் பார்த்தவரை தொழில்தான் பிரித்துக்காட்டுகிறது.

சந்தையிலும் அப்படியே. வடசேரியிலிருந்து பிஸ்கட்டும் சோப்பும் ஏற்றிக் கிளம்பும் வேன்காரருக்குத் திங்கள் மார்த்தாண்டம் லைன், செவ்வாய் குளச்சல் லைன். வாரா வாரம் ஒரே கடைகள், ஒரே டீ. தினவட்டி வசூலுக்குப் போகிறவரும் ‘லைனுக்கு’த்தான் போகிறார், அவர் லைன் எது என்று தெரிந்த கடைக்காரர் அந்த நேரத்தில் சாப்பிடப் போய்விடுவதும் உண்டு. லாரி ஓட்டுநரின் வீட்டில் கேட்டால், “அவரு லைன்ல போயிருக்காரு” என்பார்கள். ஆந்திராவில் இருக்கலாம், மகாராஷ்டிரத்தில் இருக்கலாம். ‘நீங்க என்ன லைன்?’ என்று ரயிலில் எதிர்ச் சீட்டுக்காரர் கேட்பது தொழிலை. காதல் விவகாரத்து லைனை நான் விரிக்கப் போவதில்லை. கேரளத்தில் ‘லைன்’ என்றாலே காதலோ காதலியோதான். மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்துப் பையன்களுக்கு அது எல்லை தாண்டி வந்த சரக்கு. அதற்குக் கிழக்கே ‘ரூட் விடுதல்’ செல்லுபடியாகும்.

சொல் எங்கே நுழைந்தது என்பதைப்போல எங்கே நுழையவில்லை என்பதும் பார்க்க வேண்டியதே. தூத்தூர் மீனவர்கள் ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பேர் வாங்கியவர்கள். ஆங்கிலத்தில் அந்தத் தொழிலே ‘லைன்’தான், நெடிய லைனில் நூற்றுக்கணக்கில் கொக்கி. லத்தீன் இழைக்கு மிக நெருங்கிய பொருளும் அதுவே. தமிழிலோ அது தூண்டில், ஆயிரங்கால் தூண்டில். அங்கே லைனுக்கு வேலை இல்லை.

‘கோடு’ என்ற நம் சொல் வேறொரு வேடிக்கை. பழந்தமிழில் அதற்கு மலையுச்சி, யானைத் தந்தம், விலங்கின் கொம்பு, மரக்கிளை, குளக்கரை, சங்கு என்று பல பொருள். எல்லாவற்றிலும் வளைவு இருக்கிறது. கோடுதல் என்றால் வளைதல்; நடுவுநிலைமை பேசும் வள்ளுவர் நெஞ்சம் கோடாமல் இருக்கச் சொல்கிறார். வளைவில் பிறந்த சொல் கடைசியில் பள்ளிக்கூட அடிக்கோலின் நேர்கோடாகிவிட்டது. விளவங்கோடு, திருவிதாங்கோடு என்று ஊர்ப்பெயர்களில் அது இன்னும் தன் பழைய நிலத்தில்தான் நிற்கிறது. திருவிதாங்கூர் சமஸ்தானமே அப்படியொரு கோட்டிலிருந்து பெயர் எடுத்ததுதான். ‘வரி’யும் லேசுப்பட்டதில்லை. புலியின் உடலிலும் வரி, எழுத்தும் வரி, கானல்வரி என்றால் பாட்டு, அரசாங்கம் பிடுங்குவதும் வரி. இப்படிப்பட்ட இரண்டு சொற்களை வீட்டில் வைத்துக்கொண்டிருந்த மொழி ‘லைன்’ வந்து ஏழு வேஷம் போட்டதைப் பார்த்து மலைத்திருக்க முடியாது. ஆன்லைன் வந்தபோதும் மலைக்கவில்லை. சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் “ஆன்லைன்ல போட லைன்ல நிக்கணும்” என்று அலுத்துக்கொண்டு நின்றார்கள்.

லைனை அடியோடு உள்ளே விடாதவர்கள் கொத்தனார்களும் தச்சர்களும். அவர்களுக்கு நேர்கோடு என்பது நூல். சுவர் எழுப்ப நூல் கட்டுவார்கள், மரம் அறுக்க நூல் அடிப்பார்கள். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கும் நூல்தான்: “ஒரு நூல் ஏத்திப் பிடி.” புத்தகத்துக்கு நூல் என்று பெயர் வந்த காரணத்தைச் சொல்லும் பவணந்தியின் நன்னூல், பஞ்சை இழையாக நூற்பதையும் சொல்கிறது, மரத்தின் கோணலைத் தீர்க்கும் தச்சன் நூலையும் சொல்கிறது. ஆளிநாரில் லத்தீன்காரன் கண்டதைப் பருத்தியில் பவணந்தி கண்டிருக்கிறார்.

தோவாளைப் பக்கம் சாலையோரமாகப் புதிய மின்கம்பங்கள் நட்டுக்கொண்டு போனார்கள். குழியில் இறக்கிய ஒரு கம்பம் சற்று வயலைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. தள்ளி நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்த மேஸ்திரி கத்தினார்: “லைன் கோடிப் போச்சுல, நூல் பிடிச்சுப் பாரு.”