மூப்பும் நகையும்: ‘ஸ்டேண்ட் அப் கைஸ்’ திரைப்படம் – ஒரு மெய்ப்பாட்டு நோக்கு

முன்னுரை

குற்றவுலகத் திரைப்படங்களில் இறப்பு மலிவானது. அங்குப் பாத்திரங்கள் பெரும்பாலும் வலிமை குன்றுமுன்னரே சுடப்பட்டு வீழ்வர். மூப்பெய்தி மருந்துப் புட்டிகளுடன் வாழ்பவர் அரியர். பிஷர் ஸ்டீவன்ஸ் இயக்கி 2012இல் வெளிவந்த ‘ஸ்டேண்ட் அப் கைஸ்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் அவ்வரியவர்களைப் பற்றியது. எந்நிலையிலும் கூட்டாளியைக் காட்டிக்கொடுக்காதவரையே அத்தலைப்பு குறிக்கிறது.

வால் (அல் பசினோ) 28 ஆண்டுச் சிறைவாசம் முடித்து வெளியே வருகிறான். அவனை வரவேற்கும் நண்பன் டாக் (கிறிஸ்டோபர் வாக்கன்), மறுநாள் காலை 10 மணிக்குள் அவனைக் கொல்லுமாறு பணிக்கப்பட்டவன். ஆணையிட்டவன் கூட்டத் தலைவன் கிளாப்ஹேண்ட்ஸ். பழைய துப்பாக்கிச் சண்டையொன்றில் தவறுதலாகத் தன் ஒரே மகனை இழந்தவன். இச்செய்தியை வால் விரைவிலேயே ஊகித்துவிடுகிறான். எஞ்சிய ஓரிரவை நண்பர்கள் எவ்வாறு கழிக்கின்றனர் என்பதே கதை.

நகையா, இளிவரலா?

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் மூப்பையும் பிணியையும் இளிவரலுக்குரிய நிலைக்களன்களாகவே வகுக்கிறது, நகைக்குரியனவாக அன்று. இத்திரைப்படமோ அவ்விரண்டையும் நகைப்பொருளாக்குகிறது. வீரியம் கூட்டும் மாத்திரைகளை அளவின்றி விழுங்கிய வால் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்படுகிறான். அங்குத் தாதியாகப் பணிபுரிபவள், கூட்டத்தின் பழைய வாகன ஓட்டியான ஹிர்ஷின் (ஆலன் ஆர்க்கின்) மகள். முதியோர் இல்லத்தில் உயிர்வளிக் குழாயுடன் கிடந்த அந்த ஹிர்ஷோ, திருடிய மகிழுந்தின் சுக்கானைப் பற்றியதும் இளைஞனாகிவிடுகிறான்.

இந்நகை முதியோரை இழிவுபடுத்துகிறதா என்ற வினா எழுவது இயல்பு. எள்ளலை, தான் பிறரை எள்ளுவது, பிறர் தன்னை எள்ளுவது என இருநிலைப்படுத்திப் பேராசிரியர் விளக்குவார். மாத்திரைக் காட்சியில் பார்வையாளர் வாலை எள்ளுகின்றனர். அது எளிய, சற்று மலிவான நகை. ஆயின் தன்னைக் கொல்லப்போகும் நண்பனுடன் உணவகத்தில் அமர்ந்து, அக்கொலையைப் பற்றியே வால் இயல்பாக உரையாடும்போது, நகைப்பவன் அவனே. உடல் தளர்ந்தவன் தன் தளர்ச்சியைத் தானே நகைக்கும்போது இளிவரலுக்கு அங்கு இடமில்லை. திரைப்படத்தின் சிறந்த பகுதிகள் இவ்விரண்டாம் வகையின.

கொடையும் தறுகணும்

ஹிர்ஷின் இறப்பு இப்படத்தின் உச்சம் எனலாம். நண்பர்கள் திரும்பி வரும்போது அவன் வாகனத்திலேயே அமர்ந்தவாறு உயிர்நீத்திருக்கிறான். துப்பாக்கியில்லை, பகையில்லை. மகளை அழைத்துவந்து, இரவோடிரவாகத் தாமே குழிதோண்டி அவனைப் புதைக்கின்றனர். நகை அழுகையாக மாறுவதற்கு இயக்குநர் இசையையோ வசனத்தையோ பெரிதும் நம்பவில்லை; மண்வெட்டி பிடித்த முதிய கைகளே போதுமானவையாகின்றன.

இந்த நேர்மை இறுதிவரை நீடிக்கவில்லை என்பதே நம் குறை. பெருமிதத்திற்குரிய நான்கனுள் தறுகணும் கொடையும் அடங்கும். உணவகத்தில் பணிபுரியும் இளம்பெண் அலெக்ஸ் தன் பேத்தி என்பதை டாக் அறிவான். அவளோ அவனை அறியாள். தன் வீட்டுச் சாவியை அவளுக்கு விட்டுச்செல்கிறான். இது கொடையால் எய்திய பெருமிதம். கதை இங்கு முடிந்திருக்கலாம். மாறாக, புத்தாடை அணிந்த இருவரும் கிளாப்ஹேண்ட்ஸின் இருப்பிடம் நோக்கிச் சுட்டுக்கொண்டே செல்ல, ஒளிப்படக்கருவி வானை நோக்கி உயர்கிறது; டாக் தீட்டிவந்த சூரிய உதயம் அங்குத் தோன்றுகிறது. காட்சி அழகியதே. ஆயினும் முதுமையின் இறப்பை நேர்நின்று கண்ட படம், இறுதியில் இளைஞர்க்குரிய தறுகணிடம் சரணடைந்துவிடுகிறது.

மேலும் இரு குறைகள் சுட்டத்தக்கன. மகனை இழந்த தந்தையின் 28 ஆண்டுத் துயரம் வெறும் வன்மமாகச் சுருக்கப்படுகிறது. படத்தில் மிகுந்த இழப்புக்குரியவன் அவனே; அவனுக்கு ஒரு மெய்ப்பாடுகூட முழுமையாக வழங்கப்படவில்லை. அடுத்து, வாகனத்தின் பின்பெட்டியில் கட்டுண்டு கிடந்த பெண்ணின் கொடுந்துயர், முதியோரின் வீரத்தை நிறுவும் இடைநிகழ்ச்சியாகவே பயன்படுகிறது. நகைக்க இயலாத ஒன்றை நகைச்சுவை வேகத்தில் கடந்துசெல்வது கலையன்று.

முடிவுரை

பள்ளி வகுப்பறைக்கு இப்படம் ஏற்றதன்று. எனினும், ஒரே நிலைக்களன் வெவ்வேறு மெய்ப்பாடுகளைத் தோற்றுவிக்கக்கூடும் என்பதைப் பல்கலைக்கழக மாணவர்க்கு விளக்க இது தக்க சான்றாகும். யார் நகைக்கிறார், யாரை நோக்கி நகைக்கிறார் என்று வினவினால், மூப்பு எங்கு இழிவாகிறது, எங்கு மாண்பாகிறது என்பது புலப்படும். இவ்வினா திரைப்படத்திற்கு மட்டும் உரியதன்று. முதியோரைப் பற்றி எழுதப்படும் எப்படைப்பின்முன்னும் வைக்கத்தக்கது.