படைவீரரின் கோப்பு யார் கண்ணுக்குத் தெரிகிறது?

அரசு இணையதளங்களைப் பற்றி எழுதப்படும் வெற்றிக் கதைகளில் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத்துறைக்கு ஒரு நிரந்தர இடம் உண்டு. சுருக்கமா வி.ஏ.ன்னு சொல்வாங்க. கதை பெரும்பாலும் இப்படித்தான் போகும். ஒரு காலத்தில் பல நூறு தளங்கள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுச்சொல், எதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பிறகு சில நல்ல நிரலாளர்கள் உள்ளே வந்தார்கள், படைவீரர்களோடு உட்கார்ந்து பேசினார்கள், 2018 நவம்பரில் எல்லாவற்றையும் ஒரே தளத்துக்குள் கொண்டுவந்தார்கள். சுபம்.

சில மாதங்களாக இதைப் பற்றிய தணிக்கை அறிக்கைகளையும் துறையின் சொந்தக் குறிப்புகளையும் படித்துக்கொண்டிருக்கிறேன். கதையில் பொய் இல்லை. ஆனால் அதில் வருவதெல்லாம் வாசல்தான்: லாகின், பொத்தான், படிவம். உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள், அதில் எதை நமக்குக் காட்டுகிறார்கள் என்ற கேள்வி எங்கேயும் வருவதில்லை. இந்தக் குறிப்பு அதைப் பற்றி.

முதலில், ஆவணம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். ராணுவத்தில் இருந்தபோது உடம்பு கெட்டுப்போனது, அதனால் மாத உதவித்தொகை வேண்டும் என்று ஒருவர் கேட்டால் பொதுவாக மூன்று விஷயங்கள் நிரூபணமாக வேண்டும். இப்போது ஒரு நோயோ பாதிப்போ இருக்கிறது. பணிக்காலத்தில் ஏதோ ஒன்று நடந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. முதலாவதை இன்றைய மருத்துவர் சொல்லிவிடுவார். இரண்டாவதும் மூன்றாவதும் காகிதத்தில்தான் இருக்கின்றன. அந்தக் காகிதத்தை எழுதியது அரசு, பூட்டி வைத்திருப்பதும் அரசு. "காட்டு" என்று கேட்பதும் அதே அரசுதான். தேடுவதில் உதவி செய்யும் கடமை துறைக்கு உண்டு என்று சட்டம் சொல்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் காகிதம் கிடைக்காமல் போனால் நஷ்டம் யாருக்கு என்பதில் சந்தேகமே கிடையாது.

கிடைக்காமல் போனதும் உண்டு. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகருக்குப் பக்கத்தில் இருந்த தேசிய பணியாளர் ஆவண மையத்தின் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. 1.6 கோடியிலிருந்து 1.8 கோடி வரையான பணிக்கோப்புகள் எரிந்துபோயின. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போய்விட்டது. இரண்டு உலகப் போர்களும் கொரியப் போரும் அந்த இடைவெளிக்குள் வருகின்றன. நகல் கிடையாது, மைக்ரோஃபிலிம் எடுக்கவில்லை, எந்தக் கோப்பு எங்கே இருந்தது என்று ஒரு அட்டவணைகூட இல்லை. தீக்கு முன்னால் நலத்துறைக்கு இரவலாகக் கொடுத்திருந்த ஆவணங்கள் தப்பித்தன. பிறகு சம்பளப் பட்டியல், படைப்பிரிவின் காலை அறிக்கை என்று கிடைத்த துண்டுகளை ஒட்டி கோப்புகளைத் திரும்ப உருவாக்கும் வேலை தொடங்கியது. அந்த வேலை இன்னும் நடக்கிறது.

இந்தத் தீயிலிருந்து எடுக்க வேண்டிய பாடம் "கணினியில் ஏற்று" என்பதுதான் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. அந்தக் கோப்பின் ஒரு பிரதி அந்தந்த வீரரின் வீட்டிலேயே இருந்திருந்தால், தீ ஒரு கட்டடத்தோடு முடிந்திருக்கும். வீட்டுக்குப் போனது பெரும்பாலும் ஒரே ஒரு தாள், டிடி 214 என்கிற விடுவிப்புச் சான்று. அதுகூட அந்தப் பெயரில் 1950-இல்தான் வந்தது.

கணினிமயமாக்கலும் சுலபமாக வந்துவிடவில்லை. வட கரோலினாவின் வின்ஸ்டன் சேலம் அலுவலகத்துக்குப் போன தணிக்கைக் குழு 2012-இல் கொடுத்த அறிக்கை ஒன்று இருக்கிறது. அலமாரிகளில் இடம் இல்லாததால் சுமார் 37,000 கோப்புகளை அலமாரிகளின் தலைமேல் அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த எடையில் கட்டடத்தின் தளமே தாங்குமா என்ற கேள்வி வந்துவிட்டது. நம்ம ஊர் சார்பதிவாளர் அலுவலகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் படம் புதுசா இருக்காது. 2013 மார்ச்சில் 125 நாட்களைத் தாண்டியும் தீர்க்கப்படாமல் கிடந்த கோரிக்கைகள் 6 லட்சத்து 11 ஆயிரம். அதற்குப் பிறகுதான் ஸ்கேன் செய்யும் வேலை வேகம் பிடித்தது. சில ஆண்டுகளில் கோரிக்கைக் கோப்புகள் பெரும்பாலும் திரைக்கு வந்துவிட்டன.

வாசலைச் சரிசெய்தவர்களுக்கும் உரிய பாராட்டைச் சொல்லிவிட வேண்டும். மருத்துவ வசதிக்கு விண்ணப்பிக்கும் இணையப் படிவம் ஒன்று இருந்தது. பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் குறிப்பிட்ட ஒரு அடோபி மென்பொருளும் சேர்ந்து இருந்தால்தான் அது திறக்கும். அலுவலகக் கணினிகளில் அந்தச் சேர்க்கை இருந்தது, அதனால் உள்ளே இருந்த யாருக்கும் கோளாறே தெரியவில்லை. வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு எச்சரிக்கைப் பெட்டி ஒன்றுதான் வந்தது. 2016-இல் அதைத் தூக்கிவிட்டு எந்த உலாவியிலும், கைப்பேசியிலும் நிரப்பக்கூடிய படிவத்தைக் கொண்டுவந்தார்கள். ஒரு படைவீரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் தடுமாறுவதைப் பதிவுசெய்து, மேலதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டித்தான் இதைச் சாதித்தார்கள். நல்ல வேலை.

ஆனாலும் இந்த முழு வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதற்கு முன்பே வந்த ஒன்று, பார்க்க அழகே இல்லாத ஒன்று. 2010-இல் வந்த நீலப் பொத்தான். துறையின் மருத்துவத் தளத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் உங்கள் தகவல் முழுவதும் சாதாரண எழுத்துக் கோப்பாக இறங்கிவிடும். நோட்பேடில் திறக்கலாம். வண்ணம் இல்லை, வரைபடம் இல்லை, வரிசையாக வரிகள் மட்டும். தொடக்கத்தில் நாமே உள்ளிட்ட விவரங்கள்தான் அதில் அதிகம் இருந்தன. 2013-இல் மருத்துவர்கள் எழுதும் குறிப்புகளும் சேர்ந்தன. மருத்துவர் என்னைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார் என்று நான் படிக்கலாம், வைத்துக்கொள்ளலாம், வேறொரு மருத்துவரிடம் நீட்டலாம். சர்வர் எரிந்தாலும் என் பிரதி என்னிடம் இருக்கும். 1973-க்கான சரியான பதில் இதுதான் என்பேன்.

சரி, இதே வசதி உதவித்தொகைக் கோரிக்கைக்கு உண்டா?

இங்கேதான் எனக்கு எரிச்சல் வருகிறது. துறைக்குள் மருத்துவமனைகளை நடத்துவது ஒரு கிளை, உதவித்தொகையை முடிவுசெய்வது வேறொரு கிளை. முதல் கிளை மருத்துவரின் குறிப்பையே கையில் கொடுத்தது. இரண்டாவது கிளை கொடுத்தது ஒரு நிலைப் பட்டை. கோரிக்கை வந்து சேர்ந்தது, சான்று திரட்டப்படுகிறது, பரிசீலனையில் உள்ளது, முடிவு தயாராகிறது. கூரியர் பார்சல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது மாதிரி. பிறகு சேர்ந்த வசதிகளில் முடிவுக் கடிதத்தைத் தரவிறக்கிக்கொள்ளலாம், நாம் ஏற்றிய ஆவணங்களின் பெயர்ப்பட்டியலைப் பார்க்கலாம். இதெல்லாம் பயனுள்ளதுதான். ஆனால் எந்தக் கோப்பைப் படித்து அதிகாரி முடிவெடுத்தாரோ, அந்தக் கோப்பு? அதைத் தனியாக எழுதிக் கேட்க வேண்டும் என்பதே நெடுநாள் வழக்கம். தனியுரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு படிவம் அனுப்பி, மாதக்கணக்கில் காத்திருந்தால் வரும். வெகுகாலம் அது சிடியில் தபாலில் வந்தது. சிடி போடும் மடிக்கணினிகள் கடைகளிலிருந்து மறைந்த பிறகும் அப்படித்தான்.

இன்னொரு விஷயத்தைப் படித்தபோது சற்று நேரம் நம்பவில்லை. படைவீரர் சங்கங்களில் துறையின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இருப்பார்கள். ஒரு வீரர் அவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தால், அந்தப் பிரதிநிதி தன் மேசையிலிருந்தே கோரிக்கைக் கோப்பைத் திரையில் திறந்து பார்க்க முடியும். அவ்வளவும் ஸ்கேன் ஆகி, அடுக்கி, தயாராக இருக்கிறது. பிரதிநிதி பார்க்கலாம். கோப்பு யாரைப் பற்றியதோ அவர் பார்க்க முடியாது, படிவம் அனுப்பிக் காத்திருக்க வேண்டும். ஆக, இதைத் தொழில்நுட்பச் சிக்கல் என்று யாரும் சொல்ல வேண்டாம். திரை இருக்கிறது. யாருக்குத் திருப்பி வைப்பது என்பதில் எடுத்த முடிவு இது.

இதனால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் மேல்நிலைப் பரிசீலனையோ வாரியத்தில் முறையீடோ கேட்க ஒரு வருடம் கெடு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய முறையில் மேல்நிலைப் பரிசீலனைக்குப் போனால் புதுச் சான்று எதையும் சேர்க்க முடியாது. ஏற்கெனவே கோப்பில் இருப்பதை வைத்துத்தான் வாதாட வேண்டும். அப்படியானால் எந்தப் பாதையைத் தேர்ந்தெடுப்பது என்று தீர்மானிக்கவே கோப்பைப் பார்த்தாக வேண்டும். பரிசோதித்த மருத்துவர் "தொடர்பு இருக்க வாய்ப்பு குறைவு" என்று எழுதினாரா? பழைய ஆவணத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாரா, பார்க்காமலா? முடிவுக் கடிதத்தில் இதன் சாரம் ஒரு வரியில் இருக்கும். முழு அறிக்கை கோப்பில் இருக்கும். அதைக் கேட்டு வாங்குவதற்குள் ஒரு வருடத்தில் பாதி போய்விடுகிறது. கெடுவின் கடிகாரம் மட்டும் நிற்பதில்லை.

லாகின் பற்றியும் கொஞ்சம். 2025-இல் பழைய இரண்டு லாகின் முறைகளை நிறுத்திவிட்டார்கள். மருத்துவத் தளத்தின் சொந்தக் கணக்கு ஒன்று, பாதுகாப்புத் துறையின் கணக்கு இன்னொன்று. இப்போது லாகின் டாட் கவ், ஐடி டாட் மீ என்ற இரண்டில் ஒன்று வேண்டும். காரணம் நியாயமானதே. வேறொருவர் கணக்குக்குள் புகுந்து உதவித்தொகையைத் தன் வங்கிக்குத் திருப்பிவிடும் திருட்டு நிஜமாகவே நடக்கிறது. ஆனால் அடையாள அட்டையைப் படம் எடு, முகத்தைக் காட்டு, கைப்பேசி எண்ணை உறுதிசெய் என்ற வரிசையில் முதலில் கழன்று விழுபவர் யார்? முகவரி இல்லாமல் தங்குமிடத்தில் இருப்பவர், எண்பது வயதுக்காரர், சிக்னல் வராத கிராமத்தில் இருப்பவர். உதவித்தொகை அதிகம் தேவைப்படுகிறவர்களும் அவர்களேதான்.

வங்கி எண்ணை மாற்றுவதற்கு இரும்புக் கதவு போடுங்கள், தப்பில்லை. கோரிக்கை எந்த நிலையில் இருக்கிறது என்று மட்டும் பார்ப்பதற்கும் அதே கதவு எதற்கு? மருத்துவத் தளம் ஒரு காலத்தில் இதற்கு நல்ல வழி வைத்திருந்தது. எப்படியும் மருத்துவமனைக்கு வருகிறவர் அங்கேயே ஒரு ஊழியரிடம் அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட்டால் முழுக் கணக்கு கிடைத்தது. ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் முகத்தைப் பார்த்து உறுதிசெய்யும் முறை. லாகின் டாட் கவ் இப்போது தபால் நிலையத்தில் நேரில் சரிபார்க்கும் வசதியைக் கொடுக்கிறது. இதைப் பக்கத்தின் அடியில் ஒரு வரியாக இல்லாமல் முதல் வழியாகவே வைக்கலாம்.

வாசலை எவ்வளவு அழகாக்கினாலும் போதாது என்பதைப் பெருந்தொற்றுக் காலம் காட்டியது. செயின்ட் லூயிஸ் ஆவண மையத்துக்கு இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். ஆனால் ஆவணம் பெட்டிக்குள் காகிதமாகத்தான் இருந்தது. 2020 மார்ச்சில் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியபோது பெட்டியைத் திறக்க ஆள் இல்லை. விண்ணப்பம் மட்டும் வழக்கம்போல உள்ளே போய்க்கொண்டிருந்தது. 2022-இல் தேங்கியவை 6 லட்சத்தைத் தாண்டின, 2024 தொடக்கத்தில்தான் தீர்ந்தன. அந்த இடைவெளியில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்யவும், மருத்துவமனையில் சேரவும் அந்த ஒரு தாளுக்காகக் காத்திருந்தவர்கள் உண்டு. அவசர விண்ணப்பங்களை மட்டும் தனியாக எடுத்துக் கவனித்தார்கள்.

துறைக்கு வேறு மாதிரி செய்யத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. வியட்நாம் கடற்கரையை ஒட்டிய கப்பல்களில் இருந்தவர்களின் வழக்கு அதற்கு உதாரணம். ஏஜென்ட் ஆரஞ்ச் நச்சினால் வரும் நோய்களுக்கு, நிலத்தில் கால் வைத்தவர்களின் தொடர்பு தானாகவே ஏற்கப்பட்டது. கடலில் இருந்தவர்களுக்கு 2002 முதல் அந்தச் சலுகை இல்லை. 2019 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருத்தியது, அதே வருடம் ஜூனில் சட்டமும் வந்தது. கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் கப்பல் இருந்ததா என்பதுதான் இப்போது கேள்வி. எழுபது, எண்பது வயதுக்காரரிடம் "நீயே நிரூபி" என்று வழக்கம்போல விட்டிருக்கலாம். விடவில்லை. தேசிய ஆவணக் காப்பகத்தில் இருந்த கப்பல்களின் தளப் பதிவேடுகளைத் துறையே ஸ்கேன் செய்தது, கோடிக்கணக்கான பக்கங்கள். எந்தக் கப்பல் எந்தத் தேதியில் எங்கே இருந்தது என்பதைத் துறையே பார்த்துக்கொண்டது. விண்ணப்பித்தவர் எந்தக் கப்பலில், எப்போது இருந்தார் என்று சொன்னால் போதும்.

அந்த ஸ்கேன்கள் இப்போது காப்பகத்தின் தளத்தில் இருக்கின்றன. லாகின் வேண்டாம், படிவம் வேண்டாம், நீங்களும் நானும் பார்க்கலாம். போன வாரம் ஒரு இரவு சிலவற்றைப் புரட்டினேன். காற்றின் திசை, கடலின் நிலை, காலை எட்டு மணிக்கு, பகல் பன்னிரண்டுக்கு, இரவு எட்டுக்குக் கப்பல் இருந்த இடம். எண்கள், சுருக்கெழுத்துகள், கீழே ஒரு அதிகாரியின் கையெழுத்து.