கண்ணாடியில் கண்ட துணி

ஹனஃபி மத்ஹபின் பெருநூல்களுள் ஒன்றான ‘ஃபத்ஹுல் கதீரில்’, வணிகப் பாடத்தின் நடுவே ஒரு சிறு மஸ்அலா உண்டு. ஒருவர் பொருளை நேரில் பாராமல், நிலைக்கண்ணாடியில் விழுந்த அதன் உருவை மட்டும் கண்டு வாங்கினால், பின்னர் பொருளைப் பார்த்து மறுக்கும் உரிமை அவருக்கு உண்டா? உண்டு என்பதே அறிஞர்களின் தீர்ப்பு. அவர் கண்டது சாயலை, பொருளை அன்று. நூலாசிரியர் இமாம் இப்னுல் ஹுமாம் (ரஹ்) ஹிஜ்ரி 861இல் (கி.பி. 1457) மறைந்தவர். முன்பெல்லாம் இவ்விடத்தைப் பாடம் நடத்துகையில், கண்ணாடியில் பார்த்து யார் பொருள் வாங்குவார் என்று மாணவர்கள் சிரிப்பார்கள். இப்போது எவரும் சிரிப்பதில்லை.

கூகுள் நிறுவனம் 2023ஆம் ஆண்டு, ஒரே மேற்சட்டையைப் பலவகை உடலமைப்புள்ள மாடல்கள்மீது கணினியே வரைந்து காட்டும் வசதியை அமெரிக்காவில் அறிமுகப்படுத்தியது. 2025இல் வாங்குபவர் தம் சொந்தப் புகைப்படத்தின் மீதே ஆடையைப் பொருத்திப் பார்க்கும் நிலை வந்தது. இதன் செயல்முறையை அறிந்தால்தான் அந்த மஸ்அலாவின் கூர்மை விளங்கும். இயந்திரம் அத்துணியைத் தொட்டதுமில்லை, எடைபோட்டதுமில்லை. எண்ணற்ற படங்களில் பழகி, இத்துணி இத்தோளில் இவ்வாறு விழக்கூடும் என்று ஊகித்து வரைகிறது. நிலைக்கண்ணாடி எதிரில் இருப்பதையாவது காட்டிற்று. ஊகத்தைப் பார்வையென்று கடைகள் முன்வைப்பதே என் முறையீடு. பெண்களின் படம் அந்நியர் கணினியில் சேர்வதைப் பற்றிய நம்மவர் கவலை நியாயமானதே; ஆனால் வணிகச் சட்டத்தின் கேள்வி அக்கவலைக்குள் மறைந்துவிடலாகாது.

ஆடை வடிவமைப்பாளரின் மேசையில் நிலைமை வேறு. தென்கொரியாவில் தோன்றிய ‘க்ளோ’ போன்ற மென்பொருள்களில், வெட்டுத் துண்டுகளைத் திரையிலேயே வரைந்து, தையற்கோடுகளை இணைத்துக் கணினி உருவத்துக்கு உடுத்திப் பார்க்கிறார்கள். துணியின் எடை, தடிப்பு, இழுவை, வளைவு ஆகியவை அளக்கப்பட்டு எண்களாக உள்ளே செல்கின்றன; பட்டு பட்டாகவும் முரட்டுப் பருத்தி பருத்தியாகவும் விழுவது அவ்வெண்களால்தான். மாதிரிகளைத் தைத்துத் தைத்து எறிவது இதனால் குறைகிறது. வீண்விரயத்தை வெறுக்கும் மார்க்கத்தினர் இதை வரவேற்கத் தயங்க வேண்டியதில்லை.

2020 மே மாதம், காங்கோ வழிவந்த அமெரிக்க வடிவமைப்பாளர் அனிஃபா முவும்பா தம் ‘ஹனிஃபா’ ஆடைகளை இன்ஸ்டாகிராமில் இம்முறையில் காட்டினார். மாடல்கள் எவருமில்லை. ஆடைகள் தாமே நடந்து வந்தன. மடிப்புகள் விரிந்தன, விளிம்புகள் அசைந்தன. பெண்ணுடலைக் காட்டியே துணி விற்கும் தொழிலில் துணி மட்டும் பார்வைக்கு வந்த அரிய காட்சி அது. (ஆயினும் அவ்வெற்றுருவின் வளைவுகளைக் காணுங்கால், உடல் முற்றிலும் விலகிவிட்டது என்று சொல்ல மனம் வரவில்லை.)

முன்பணம் தந்து பின்னர் பொருள் பெறும் ‘ஸலம்’ வணிகத்தில், துணிக்கு நீளமும் அகலமும் நெசவின் தன்மையும் கூறப்பட வேண்டும், பட்டாயின் எடையும் கட்டாயம் என்று ‘ஹிதாயா’ விதிக்கிறது. எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஃபர்கானாவின் அறிஞர் கேட்ட விவரங்களையே கொரிய மென்பொருளும் கேட்கிறது. அளவு சேர்ந்த சாயலை வர்ணனையாகக் கொள்ளலாம். ஆனால் வடிவமைப்பாளரிடம் இருந்த எண்கள் கடைக்கு வரும் வழியில் உதிர்ந்துவிடுகின்றன. சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற ஒற்றை விவரத்தைக்கூடப் பல கடைகள் தருவதில்லை. படம் மட்டும் மிஞ்சுகிறது.

அறியாமைக் கால அரபியர், விரித்துப் பாராமல் துணியைத் தொட்டவுடனேயே விற்பனை முடிந்ததாகக் கொண்டனர். இந்த ‘முலாமஸா’வை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அங்கே கை இருந்தது, கண் இல்லை. இங்கே கண் உண்டு, கை இல்லை. மடித்த துணியின் வெளிப்புறத்தைப் பார்த்தால் போதும் என்று மத்ஹபின் மூத்த இமாம்கள் கூற, முழுவதும் விரித்தாக வேண்டும் என்றார் இமாம் ஸுஃபர் (ரஹ்). துணிகளின் உள்ளும் புறமும் வேறுபடத் தொடங்கிய பிற்காலத்தில், ‘துர்ருல் முக்தார்’ ஸுஃபரின் கருத்தையே தேர்ந்ததாகக் குறிக்கிறது.

ஆகவே ‘கியாருர் ருஃயா’, அதாவது கண்டபின் ஏற்கவோ மறுக்கவோ உள்ள உரிமை, துணி கைக்கு வந்து விரிக்கப்படும்வரை நீடிக்கிறது. காணுமுன்பே ‘திருப்தி’ என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தாலும் கண்டபின் மறுக்கலாம் என்பது ஹனஃபி விதி. ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்தவைத்து அவ்வுரிமையைப் பறிக்கும் வணிகர்கள் இதனைப் படிக்கட்டும். இந்திய அரசின் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், பழுதான அல்லது விளம்பரத்துக்கு மாறான பொருளைத் திரும்பப் பெற மறுக்கலாகாது என்கின்றன. ஃபிக்ஹு ஒரு படி அப்பால் செல்கிறது: பழுது வேண்டியதில்லை, கண்டு மனம் ஒப்பாமையே போதும். காரணம் கேளாமல் 14 நாள் அளிக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நெறிமுறை இதற்கு அண்மையது. பெருநாளன்று உடுத்திவிட்டு மறுநாள் திருப்பியனுப்புவோருக்கு மட்டும் இவ்வுரிமை இல்லை. (காணாத பொருளின் விற்பனையே செல்லாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் பிந்திய கருத்து, கடலோர ஊர்களின் வாசகர் பலருக்கு இது இன்னும் கடினமான கேள்வி.)

2019 மே மாதம் நியூயார்க்கில் ‘இரிடெசன்ஸ்’ என்னும் ஆடை 9,500 டாலருக்கு ஏலம் போயிற்று. நெதர்லாந்தின் ‘தி ஃபேப்ரிகன்ட்’ நிறுவனத்தார் உருவாக்கிய அதற்கு நூலுமில்லை, ஊசியுமில்லை. வாங்கியவருடைய மனைவியின் புகைப்படத்தின் மீது அதைப் பொருத்திக் கொடுத்தார்கள். அவர் ஓவியம் வாங்கினார் என்றால் அதற்குரிய சட்டம் வேறு. ஆடை வாங்கினார் என்றால், குளிரைத் தடுக்காத, மானத்தை மறைக்காத ஒன்றை ‘லிபாஸ்’ என்றழைக்க அரபு மொழி எளிதில் இடந்தராது. அதே வேரிலிருந்து ‘லப்ஸ்’, ஒன்றை மற்றொன்றாக மயங்கச் செய்தல், என்னும் சொல் பிறப்பதையும் அகராதிகள் காட்டும். திரையில் மட்டும் அணியும் காலணிகளை விற்ற ‘ஆர்டிஃபேக்ட்’ நிறுவனத்தை நைக்கி 2021 டிசம்பரில் வாங்கியது. 2024 டிசம்பரில் அதன் பணிகளை முடித்துக்கொள்ளும் அறிவிப்பு வந்தது.

“இத்தகைய ஆடை மனத்துக்கு ஒப்பவில்லையென்றால் எதை விரித்துப் பார்த்து மறுப்பது, உஸ்தாத்?” என்று ஒரு மாணவர் கேட்டார். ஸுஃபரின் வரியை மீண்டும் வாசிக்கச் சொன்னேன்.