தடை முதலிலா, கடைசியிலா?

2021 மே மாதம் இலங்கை அரசு ஒரு வர்த்தமானி அறிவித்தலால் இரசாயனப் பசளை, கிருமிநாசினி இறக்குமதியை நிறுத்தியது. கோட்டாபய ராஜபக்சவின் 2019 தேர்தல் விஞ்ஞாபனம் சேதன விவசாயத்துக்கு மாறப் பத்து ஆண்டு கேட்டிருந்தது. நடைமுறையில் ஒரு போகங்கூடக் கிடைக்கவில்லை. இதே நோக்கத்தை இந்தியாவின் சிக்கிம் மாநிலம் 2003இல் அறிவித்தது. பவன் சாம்லிங் அரசு பசளை மானியத்தை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைத்தது. 2010இல் அதற்கென ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. இரசாயன உள்ளீடுகளைத் தடுக்கும் சட்டத்தை 2014இல்தான் இயற்றியது. முழுச் சேதன மாநிலம் என்ற பிரகடனம் 2016 ஜனவரியில் வந்தது. சிக்கிமில் கடைசிப் படிகளில் ஒன்றாக இருந்த தடை இலங்கையில் முதற்படியானது. விளைவுகள் வேறுபட்டதற்கு முதன்மையான காரணம் இந்த வரிசைதான் என்பது என் வாதம்.

வரிசை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை நைதரசன் கணக்கு காட்டும். 50 கிலோ யூரியாவில் 23 கிலோ நைதரசன் உண்டு. மாட்டெருவில் அது அரை வீதம் என்று கொண்டால், அதே அளவைப் பெற நாலரை தொன்னுக்கு மேல் வேண்டும். அதுவும் முதற் போகத்திலேயே முழுவதும் பயிருக்குக் கிடைக்காது. அவ்வளவு எருவுக்கு மாடு வேண்டும், ஏற்ற வண்டி வேண்டும், பரப்ப ஆள் வேண்டும். இவற்றுள் எதையும் வர்த்தமானியால் உண்டாக்க முடியாது. உள்நாட்டில் போதாதென்று சீனாவிலிருந்து தருவித்த சேதனப் பசளையில் தீங்கான பக்டீரியா இருப்பதாகப் பரிசோதனை கூறவே, கப்பல் திருப்பி அனுப்பப்பட்டது. ஆனாலும் 67 இலட்சம் டொலர் செலுத்த நேர்ந்தது. நவம்பரில் தடை தளர்ந்தபோது பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. அந்தப் போகத்தின் நெல் விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. அரிசியில் தன்னிறைவு கண்டிருந்த நாடு மீண்டும் அரிசி இறக்கியது.

டொலர் இல்லாத அரசுக்கு வேறு வழியேது என்று கேட்பார்கள். தட்டுப்பாடு உண்மைதான். ஆனால் பசளையில் மிச்சம் பிடித்த டொலர் அரிசிக்குப் போனது. நெற்செய்கையாளருக்கு 4,000 கோடி ரூபாய் இழப்பீடும் அறிவிக்க வேண்டியதாயிற்று. இதைவிட வலிமையான மறுப்பு ஒன்று உண்டு: சிக்கிமை இலங்கைக்கு உதாரணமாகக் காட்டலாமா? அங்கே பயிர்நிலம் ஏறத்தாழ 75,000 ஹெக்டேயர். இலங்கையின் நெல்வயலே அதைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு. மலைச்சரிவு வயல்களில் பசளைப் பாவனை முன்னரே மிகக் குறைவு. போதாத அரிசி சிலிகுரி வழியாகச் சமவெளியிலிருந்து வருகிறது. அதில் பெரும்பகுதி யூரியா போட்டு விளைந்தது. இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். சிக்கிம் தன் மண்ணைக் காத்ததற்குச் சமவெளி விவசாயமும் துணைநின்றது. 220 இலட்சம் பேருக்குச் சோறு போட வேண்டிய தீவுக்கு அப்படியொரு சமவெளி இல்லை.

ஆகவே இலங்கை கூர்ந்து பார்க்க வேண்டியது ஆந்திரத்தை. அங்கே 2016இல் தொடங்கிய இயற்கை வேளாண்மைத் திட்டம் யூரியாவைத் தடைசெய்யவில்லை. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வழியாக, ஏற்கெனவே செய்து பார்த்த விவசாயி அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கிறார். நிலத்தின் ஒரு பகுதியில் தொடங்கி விளைச்சலைப் பார்த்து விரிக்கலாம். இலங்கையிலும் இதற்கு அடி உண்டு. வேலிப் பூவரசையும் பனையோலையையும் மண்ணில் புதைக்கும் குழை தாழ்த்தல் யாழ்ப்பாணத் தோட்டங்களில் பழைய வழக்கம். வடமத்திய மாகாணத்தின் சிறுநீரக நோய்க்கு விவசாய நஞ்சுகள் காரணமாக இருக்கலாம் என்ற அச்சம் இன்னும் உறுதியாகாவிட்டாலும், அவற்றின் பாவனையைக் குறைக்க அந்த அச்சமே போதும். ஆனால் குறைப்பு வயலிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்த பெரும்போகத்துக்கு எவ்வளவு குழை, எவ்வளவு எரு கைவசம் உண்டு என்று ஒவ்வொரு கமநல சேவை நிலையமும் தன் கமக்காரரிடம் கேட்டுக் கணக்கெடுக்கட்டும். யூரியா ஒதுக்கீடு அந்த அளவுக்கே குறையட்டும்.