கொழுந்து தெரியாத பக்கமாய் ஒரு கூடாரம்

எங்கள் தோட்டத்தில் ட்ரிப் போய்வந்தவர்களிடம் எங்கே போனீர்கள் என்று கேட்டால் ஒரே மூச்சில் ஏழு பெயர் வரும். சீதா எலிய கோயில், ஹக்கலை பூந்தோட்டம், விக்டோரியா பார்க், கிரகரி வாவி, அம்பேவல பண்ணை என்று அடுக்குவார்கள். விடிவதற்கு முன் டயகமத்தில் வேன் ஏறினால் இரவு பத்துக்கு லயத்து வாசலில் வந்து இறங்குவோம். பாதி இடத்தில் பிள்ளைகள் தூங்கியிருக்கும். மீதி இடத்தில் பெரியவர்கள் வேனை விட்டே இறங்கியிருக்க மாட்டார்கள். எல்லா இடத்திலும் எடுத்த போட்டோ இருக்கும். ஆனால் கிரகரி வாவித் தண்ணீர் அன்றைக்கு என்ன நிறத்தில் இருந்தது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது.

நானும் பல வருடம் அப்படித்தான் போனேன். இப்போது வேறு மாதிரிப் போகிறோம். ஒரே ஒரு தண்ணீர்க்கரைக்குப் போய், குடும்பத்தோடு ஓர் இரவு தங்குகிறோம். அதை எப்படி ரசிப்பது என்று எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் இதற்கென்றே சக்கரம் வைத்த வீடு வைத்திருக்கிறார்கள். அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். நகரத்தைத் தாண்டியதும் காட்டுக்கு நடுவில் ஓர் ஏரி, அதன் கரையில் வண்டியை நிறுத்த ஓர் இடம். அங்கே போன சொந்தக்காரர்கள் படம் அனுப்புகிறார்கள். நமக்கு அந்த வண்டி வேண்டியதில்லை. வாடகைக்கு ஒரு டொல்பின் வேன் போதும். பின் வரிசை சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மெத்தையை விரித்தால் வயதானவர்களும் கைக்குழந்தைக்காரியும் உள்ளே படுத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு வேனை ஒட்டி ஒரு கூடாரம். ‘முகாம்’ என்ற சொல்லை நான் எழுதப்போவதில்லை. இந்த நாட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினவர்களுக்கு அந்தச் சொல் வேறொரு நினைவைத் தருகிறது. கூடாரம் என்றே சொல்கிறேன்.

எங்கே போவது? ஹோட்டன் சமவெளி டயகமத்துக்கு மேலேயே இருக்கிறது. அங்கே இரவு தங்க வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், குளிரும் எலும்பைத் தொடும். சின்னப் பிள்ளைகளோடு முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது மஸ்கெலியாவில் இருக்கும் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம். ஊரில் யாரும் அதை ஏரி என்றோ நீர்த்தேக்கம் என்றோ சொல்வதில்லை, டேம் என்றுதான் சொல்வோம். டயகமத்தை விடத் தாழ்வான இடம் என்பதால் குளிர் கொஞ்சம் இரக்கம் காட்டும். கரையில் சவுக்கும் யூக்கலிப்டஸும் தோப்பாக நிற்கும் இடங்கள் உண்டு. எதிரே சிவனொளிபாத மலை.

ரசனை வேனிலேயே ஆரம்பிக்க வேண்டும். அதற்கு எனக்குத் தெரிந்த வழி, தண்ணீரைப் பின்தொடர்ந்து போவது. ஹோட்டன் சமவெளியில் பெய்கிற மழை மகாவலி, களனி, வளவை என்று மூன்று நதிக்கும் பிரிந்து போகிறது. டயகமப் பக்கம் இறங்குவது மகாவலியில் போய்ச் சேரும் அக்ரா ஓயா. நாம் அக்கரப்பத்தனை, ஹோல்புறூக், லிந்துலை என்று இறங்கும்போது அந்தத் தண்ணீரும் நம்மோடு தலவாக்கலை வரை வந்து, மேல் கொத்மலை அணையில் நின்றுவிடும். அங்கிருந்து ஹட்டன் வீதியில் சென்.கிளயரும் டெவோனும் தெரியும் திருப்பங்களில் வேனை நிறுத்தச் சொல்லிப் பிள்ளைகளை இறக்குங்கள். ஹட்டனைத் தாண்டி டிக்கோயா, நோர்வூட் என்று போனால் ஓரத்தில் காசல்ரீ நீர்த்தேக்கம் கூடவே வரும். அது களனிக்குப் போகிற தண்ணீர். மவுஸ்ஸாகலையும் அப்படியே. காலையில் மகாவலியின் தண்ணீரோடு புறப்பட்டு மத்தியானம் களனியின் தண்ணீருக்கு வந்துவிட்டோம் என்று பிள்ளைகளிடம் சொல்லிப்பாருங்கள். ஒரு மலையின் இந்தச் சரிவும் அந்தச் சரிவும் எவ்வளவு தூரத்துக்குப் பிரிகின்றன என்பது பாடப் புத்தகத்தில் மண்டையில் ஏறாவிட்டாலும் வேன் ஜன்னலில் ஏறும்.

மூன்று மணிக்கெல்லாம் கரையில் இருக்க வேண்டும். இது முக்கியம். இருட்டின பிறகு வருகிறவனுக்குக் காலையில் கண் விழிக்கும்வரை இடமே தெரியாது. கரை என்றால் யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று நினைத்துவிடாதீர்கள். தோட்டக் காணியா, நீர்த்தேக்கத்தின் எல்லையா என்று முதலிலேயே விசாரித்துச் சொல்லிவிட்டுப் போங்கள். அணைக்கட்டுப் பக்கம் போகவே கூடாது. கூடாரத்துக்கு இடம் வாடகைக்குக் கொடுக்கிறவர்களும் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். தண்ணீர் வற்றிக் கிடக்கும் சேற்றுத் தரை சமமாக, அழகாகத் தெரியும். அங்கே கட்டாதீர்கள். அது டேமின் அடி, தண்ணீர் ஏறும். பிள்ளைகளைக் குளிக்கவும் விடாதீர்கள். முழங்கால் ஆழம் என்று வைத்த கால் அடுத்த அடியில் சேற்றில் புதையும்.

இடம் பார்த்ததும் முதலில் தலையை நிமிர்த்தி மரத்தைப் பாருங்கள். கொழுந்து மலையில் குளவி கொட்டி விழுந்தவர்களை நாம் எல்லாரும் தூக்கிப் போயிருக்கிறோம். உச்சிக் கிளையில் கூடு தொங்குகிற மரத்தடியில் அடுப்பு மூட்டினால் புகை போய் அதைக் கிளப்பிவிடும். பிறகு கீழே பாருங்கள். அட்டை இருக்கும். சவர்க்காரத்தைக் காலில் தேய்த்துக்கொண்டால் போதும் என்பதை மலையக வாசகருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான். குளிர், ஈர விறகு, அட்டை, படங்கு விரித்து மழையைத் தடுப்பது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து அடுப்புக் கல் வைப்பது, இவையெல்லாம் கொழும்பிலிருந்து வருகிறவர் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ள வேண்டியவை. நமக்கு இவை வேலையில் வந்து சேர்ந்தவை. மலையில் இருக்கும்போது இவற்றைக் கஷ்டம் என்று மட்டுமே சொல்லிவந்தோம். கரையில் ஓர் இரவு தங்கினால் அதே கஷ்டம் கைத்திறமையாக மாறி நிற்பதைப் பார்க்கலாம்.

முதல் முறை போனபோது நான் கூடாரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “தம்பி, கொழுந்து தெரியாத பக்கமா பாத்துக் கட்டு. லீவு நாள்லயும் அதையே பாக்கணுமா?” என்றார். நான் கட்டப்போன இடம் படத்தில் வருவது போன்ற இடம்தான். முன்னால் தண்ணீர், அக்கரையில் பச்சைப் பசேலென்று தேயிலை. வெளிநாட்டுக்காரர்கள் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். முப்பத்தைந்து வருடம் கூடை சுமந்தவருக்கு அந்தப் பச்சையில் தெரிவது நிறை. இத்தனை கிலோ எடுத்தால்தான் ஒரு நாள் பேர், அதாவது முழு நாள் சம்பளம், என்கிற கணக்கு. கூடாரத்தின் வாயைச் சவுக்குத் தோப்புப் பக்கம் திருப்பினேன். மரங்களுக்கு இடையில் தண்ணீர் ஒரு பட்டையாகத் தெரிந்தது. அம்மா கால் நீட்டி உட்கார்ந்தார். வீட்டில் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து எந்தக் கரைக்குப் போனாலும் யார் எதைப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுவிட்டுத்தான் கூடாரம் கட்டுகிறேன்.

விறகு வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். கரையில் கிடப்பது ஈரமாக இருக்கும், மரத்தை வெட்டவும் கூடாது. கவ்வாத்து வெட்டின மலையில் பொறுக்கிக் காயவைத்த மிலாறு ஒரு மூட்டை போதும். சுள்ளென்று பிடித்து, தணல் நின்று எரியும். சமையலைப் பெரிதாக்காதீர்கள். ஏழு கறி வைக்கிற பொம்பளைக்கு ஏரியும் குசினிதான். ரொட்டி, தேங்காய்ச் சம்பல், ஒரு கருவாட்டுக் குழம்பு. ரொட்டியை ஆண்களும் பிள்ளைகளும் சுடட்டும். போயா நாளை ஒட்டிப் போனால் இறைச்சிக் கடை பூட்டியிருக்கும், கோழிதான் வேண்டும் என்கிறவர்கள் முதல் நாளே வாங்கி மஞ்சள் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் ஒன்றும் செய்யாதீர்கள். ரசிப்பதில் கஷ்டமான பகுதி இதுதான். முதல் அரை மணி நேரம் கை பரபரக்கும், போனைத் தேடும். பிறகு தண்ணீரின் மேல் கண் நிற்கும். மூடுபனி மேலேயிருந்து இறங்குவதில்லை என்பதை நான் அங்கேதான் கவனித்தேன். அது தூரத்து மடிப்பிலிருந்து தண்ணீரைத் தடவிக்கொண்டே வருகிறது. முதலில் அக்கரைக் கோடு மறையும். பிறகு தண்ணீர் வெள்ளையா, பனி வெள்ளையா என்று பிரிக்க முடியாத ஒரு நேரம் வரும். ஒரு நீர்க்காகம் அதற்குள் முங்கினால் எங்கே எழும்பும் என்று பிள்ளைகளைப் பந்தயம் கட்டச் சொல்லுங்கள். ஒரு தடவையும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். அதற்குள் ஒரு மணி நேரம் போயிருக்கும்.

இருட்டின பிறகு டோர்ச்சை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டும். கூழாங்கல்லைத் தட்டுவது போல் டிக் டிக் என்று புதருக்குள்ளிருந்து வரும் சத்தம் தவளை. இந்தத் தீவில் நூற்றுக்கும் மேற்பட்ட தவளை வகைகள் உண்டு. அதில் பெரும்பாலானவை வேறெங்கும் இல்லாதவை. புதர்த்தவளைகளில் பல, முட்டையைத் தண்ணீரில் இடுவதே இல்லை. ஈர மண்ணிலோ இலையிலோ இட, தலைப்பிரட்டை என்ற பருவமே இல்லாமல் முழுத் தவளையாக, அரிசி மணி அளவில் வெளியே வரும். இவ்வளவு பெரிய டேமைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைத் திரும்பியும் பார்க்காமல் வாழ்கிற பிராணி. பிள்ளைகளைத் தனியாக இருட்டுக்குள் மட்டும் அனுப்பாதீர்கள். சிறுத்தை தேயிலைக்குள்ளும் நடமாடுவதை நாம் அறிவோம்.

மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமி வரை சிவனொளிபாத மலையின் பருவகாலம். அந்த மாதங்களில் மேகம் விலகினால், இருட்டில் மலை தெரியாது, படிக்கட்டின் விளக்குகள் மட்டும் தரையிலிருந்து வானத்துக்கு வளைந்து ஏறுவது தெரியும். 2,243 மீட்டர் உயரமான மலை ஒரு பொட்டு வரிசையாக நிற்கும். அந்த ஒவ்வொரு பொட்டுக்கு அடியிலும் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே பிளேன்டீ குடித்துப்பாருங்கள். போயா வாரத்தில் நிலவு தண்ணீரில் விழும், அது ஓர் அழகு. ஆனால் வீதி நெரிசலாக இருக்கும், நட்சத்திரமும் மங்கிவிடும். நிலவில்லாத வாரநாளையே நான் தேர்ந்தெடுப்பேன். வைகாசிக்குப் பிறகு தென்மேல் பருவமழை இந்தப் பக்கத்தில் ஓயாமல் பெய்யும். அப்போது கூடாரமே வேண்டாம்.

மவுஸ்ஸாகலைத் தண்ணீர் இயற்கையாய் வந்ததல்ல. மஸ்கெலி ஓயாவை மறித்து 1969இல் அணை எழுந்தபோது பழைய மஸ்கெலியா ஊர் முழுதாக உள்ளே போனது. இன்றிருக்கும் ஊர் அதற்குப் பிறகு மேட்டில் கட்டியது. மலைத் தண்ணீரிலிருந்து இந்த நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918இலேயே எழுதிவைத்த யோசனையின் நீட்சிதான் இதுவும் காசல்ரீயும். கொழும்பு வெளிச்சமானது. இதே மலைகளின் லயங்களில் அதற்குப் பிறகும் வெகுகாலம் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதனால் அழகு குறைந்துவிடாது. கடும் வெயில் காலத்தில் நீர்மட்டம் இறங்கினால் பழைய ஊரின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றிலிருந்து எட்டிப்பார்க்கும். அந்தச் சமயம் வாய்த்தால் தவறவிடாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்க்கிறவர்களை அங்கே நான் கண்டிருக்கிறேன். வயதானவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் கேளுங்கள். இங்கே கடைத்தெரு, இங்கே பஸ் திரும்பும் இடம் என்று வெறும் சேற்றைக் காட்டிச் சொல்வார்கள்.

காலையில் சீக்கிரம் எழும்ப வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. பிரட்டுக்குப் போய்ப் பழகின உடம்பு தானாக விழித்துக்கொள்ளும். அந்த முதல் முறை அம்மா நாலரைக்கே எழுந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு தணலுக்குப் பக்கத்தில் இருந்தார். ஓட வேண்டிய இடம் எதுவும் இல்லை. மலையில் விளக்குகள் இன்னும் எரிந்தன. வானம் வெளுக்க வெளுக்க அவை ஒவ்வொன்றாக மங்கி, அவற்றுக்குப் பின்னால் மலை தன் உருவத்தோடு வந்து நின்றது. “வெளக்குப் போச்சு, மல வந்துருச்சு” என்றார் அம்மா. அந்தப் பத்து நிமிடத்துக்காக மட்டும் ஓர் இரவு தங்கலாம்.

புறப்படும்போது அடுப்பில் தண்ணீர் ஊற்றி, சாம்பலைக் கிளறி, உள்ளங்கை வைத்துப்பாருங்கள். சூடு தட்டினால் இன்னும் ஒரு வாளி. காய்ந்த மாசத்தில் இப்படி விட்டுப்போன தணலாலும் மலை எரியும். பிளாஸ்டிக் பை ஒன்றையும் விடாமல் பொறுக்கி வேனில் போடுங்கள்.

திரும்பும் வழியில் லிந்துலையைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தோம். ஒரு பாலத்தில் வேன் மெதுவானது. தூங்குகிறாள் என்று நினைத்த என் மகள் ஜன்னலில் முகத்தை வைத்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, இந்தத் தண்ணி எந்த டேமுக்குப் போவுது?”

“மேல் கொத்மலைக்கு.”

“அப்ப இது அக்ரா ஓயா. நம்ம தண்ணி.”