மருந்துத் துகளுக்கு வழி தெரியுமா?

புற்றுநோய்க்கான நானோ மருந்துகளைப் பற்றிய கட்டுரைகளோடு வரும் ஒரு படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். இரத்தக் குழாயில் ஒரு பந்து மிதக்கிறது. அதன் மேற்பரப்பில் முள் முள்ளாகச் சில மூலக்கூறுகள். எதிரே ஒரு புற்றுநோய்ச் செல். பந்து வழியிலுள்ள நல்ல செல்களை ஏறிட்டும் பாராமல் நேரே அதை நோக்கிச் செல்கிறது. கீழே 'ஏவுகணை மருந்து' என்று எழுதியிருக்கும். படம் அழகாகத்தான் இருக்கிறது; அதிலுள்ள இயற்பியல்தான் தவறு. அறிவியல் மாணவர்கள் இந்தப் படத்தை நம்பித் திட்டக் கட்டுரை எழுதத் தொடங்குகிறார்கள். நோயாளியின் வீட்டார் இதை நம்பி மருத்துவரைக் கேள்வி கேட்கிறார்கள். ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில் அந்தப் பந்து எது? 1960-களில் இங்கிலாந்தைச் சேர்ந்த அலெக் பாங்கம், சில கொழுப்பு மூலக்கூறுகள் நீரில் தாமாகவே சுருண்டு மூடிய குமிழ்களாவதைக் கண்டார். இவையே லிப்போசோம்கள். டாக்ஸோரூபிசின் என்னும் புற்றுநோய் மருந்தை இத்தகைய குமிழில் அடைத்து உருவாக்கிய டாக்ஸிலுக்கு 1995-இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது. குமிழின் விட்டம் 100 நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. உள்ளே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மருந்து மூலக்கூறுகள். கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கு செல்கள் விரைவில் பிடித்துவிடாதிருக்க, மேலே பாலிஎத்திலீன் கிளைக்கால் இழைகளால் ஒரு போர்வை. முள் ஏதும் இதில் இல்லை. முள், அதாவது புற்றுநோய்ச் செல்லின் ஏற்பியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள், பின்னால் வந்த ஆய்வுகளில் சேர்க்கப்பட்டது.

இனி ஏவுகணைக்கு வருவோம். ஏவுகணைக்கு உந்துவிசை உண்டு. இலக்கைத் தொலைவிலிருந்தே உணரும் கருவி உண்டு. திசை திருப்பும் அமைப்பும் உண்டு. நம் துகளுக்கு இவற்றுள் ஒன்றுகூட இல்லை. இரத்தம் கொண்டுபோகும் இடத்துக்கு அது போகிறது. இரத்தம் விட்ட இடத்தில் நீர் மூலக்கூறுகள் மோதி அலைக்கழிக்கும் பிரௌனியன் இயக்கம் ஒன்றுதான் அதற்குக் கதி. எதிர்ப்பொருளின் பிடி எட்டுவது சில நானோமீட்டர் தொலைவுக்கே. தற்செயலாகப் போய் மோதிய பின்புதான் அது 'இது நம் செல்' என்று அறிகிறது.

கல்லூரி மாணவர்கள் இதைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஐன்ஸ்டைன் தந்த விரவல் சூத்திரத்தில் உடல் வெப்பநிலையையும் நீரின் பாகுநிலையையும் இட்டால், 100 நானோமீட்டர் துகள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தூரம் நகர ஏறத்தாழ 13 நிமிடம் பிடிக்கிறது. தனி டாக்ஸோரூபிசின் மூலக்கூறோ அதே தூரத்தைப் பத்துப் பன்னிரண்டு விநாடிகளில் கடக்கும். இது தூய நீருக்கான கணக்கு. கட்டியின் உள்ளே இருப்பது நீரன்று. நார்ப் புரதங்கள் பின்னிக் கிடக்கும் கூழ். அங்கே பெரிய துகள் இன்னும் எத்தனையோ மடங்கு தயங்கும். போதாக்குறைக்கு, கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று அமெரிக்காவில் ஆய்வு செய்த ராகேஷ் ஜெயின் 1980-களிலேயே ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: கட்டிக்குள் திரவ அழுத்தம் உயர்ந்திருப்பதால், குழாயிலிருந்து உள்நோக்கிய நீரோட்டமும் அங்கே அநேகமாக இல்லை.

அப்படியானால் துகள்கள் கட்டிக்குள் நுழைவதே இல்லையா? நுழைகின்றன. 1986-இல் ஜப்பானிய அறிஞர்கள் மட்சுமுராவும் மயேடாவும் ஒரு விளக்கம் தந்தனர். கட்டியின் இரத்தக் குழாய்கள் அவசரமாக வளர்ந்தவை. சுவரில் ஓட்டைகள் மிகுதி. வடிகாலான நிணநீர்க் குழாய்களோ சரியாக இல்லை. ஆகவே பெரிய மூலக்கூறுகள் கசிந்து உள்ளே தங்கிவிடுகின்றன என்றனர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இத்துறை இந்த விளக்கத்தின் மீதே நின்றது. 2020-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் வாரன் சான் குழுவினர் எலிக் கட்டிகளை ஆராய்ந்து, ஓட்டைகள் மிக அரிது என்றும், உட்புகும் துகள்களில் 97 விழுக்காடு வரை குழாய்ச் சுவரின் செல்களே உள்வாங்கிக் கடத்துபவை என்றும் அறிவித்தனர். துகள் எப்படி உள்ளே போகிறது என்ற அடிப்படைக் கேள்வியிலேயே இத்தனை காலம் கழித்து இப்படியொரு திருப்பம்!

முள்ளின் கதைக்கு வருகிறேன். எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2006-இல் வெளியான ஓர் ஆய்வு. கிர்போட்டின் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் எதிர்ப்பொருள் பொருத்திய லிப்போசோமையும் பொருத்தாத லிப்போசோமையும் எலிகளுக்குச் செலுத்தி ஒப்பிட்டனர். கட்டிக்குள் சேர்ந்த அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு அதற்குப் பின்னர்தான்: எதிர்ப்பொருள் உள்ளது செல்லுக்குள் புகுந்தது, இல்லாதது செல்களின் இடைவெளியிலும் விழுங்கு செல்களிலும் தங்கிற்று. முள் என்பது வீட்டுக் கதவின் சாவி, ஊருக்கு வழிகாட்டியன்று. கட்டுரையின் தலைப்பே இதை ஒளிவு மறைவின்றிச் சொல்லியது. ஆயினும் ஏவுகணைப் படம் நின்றபாடில்லை.

2016-இல் சானின் குழுவினர் பத்தாண்டுக் காலக் கட்டுரைகளைத் திரட்டிப் பார்த்தபோது, செலுத்திய துகள்களில் கட்டியை அடைந்தவற்றின் இடைநிலை அளவு 0.7 விழுக்காடு என்று கண்டனர். ஆயிரத்தில் ஏழு! அதுவும் எலிகளில். 20 கிராம் எலிக்கு அரை கிராம் கட்டி என்பது 60 கிலோ மனிதருக்கு ஒன்றரைக் கிலோ கட்டி இருப்பதற்குச் சமம் என்பதையும் மறவாதீர்கள்.

இந்த எண் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. 2020-இல் வேறொரு குழு, அதே வகைத் தரவுகளை எடுத்து, மருந்தியலார் வழக்கமாகக் கையாளும் முறையில் கணக்கிட்டது. நேரத்துக்கு எதிரே செறிவை வரைந்து, கோட்டின் கீழுள்ள பரப்பைக் கட்டிக்கும் இரத்தத்துக்கும் தனித்தனியே கண்டு வகுப்பது அந்த முறை. கிடைத்த விடை சுமார் 76 விழுக்காடு. நூறு மடங்கு வேறுபாடு! எது சரி? இரண்டும் சரியே, கேட்ட கேள்விகள் வேறு. ஊற்றியதில் எத்தனை பங்கு போய்ச் சேர்ந்தது என்பது முதல் கேள்வி. இரத்தம் மருந்தில் நனைந்ததோடு ஒப்பிட்டால் கட்டி எவ்வளவு நனைந்தது என்பது இரண்டாவது. மருந்து வேலை செய்யுமா என்று அறிய இரண்டாவதே பொருத்தம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சாதாரண மருந்திலும் கட்டிக்குச் சேர்வது சொற்பமே. ஆனால் 76 என்பது நூறுக்குக் குறைவு என்பதைக் கவனித்தீர்களா? துகள்களுக்காக வாதாடுவோர் தந்த எண்ணின்படியும், கட்டி பெற்றது இரத்தம் பெற்றதைவிடக் குறைவுதான். இதற்கா ஏவுகணை என்று பெயர்?

அப்படியென்றால் டாக்ஸில் வீணா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 509 பெண்களிடம் அதனைச் சாதாரண டாக்ஸோரூபிசினுடன் ஒப்பிட்ட சோதனையின் முடிவு 2004-இல் வெளியாயிற்று. நோய் மோசமாகாமல் இருந்த காலம் 6.9 மாதம், 7.8 மாதம், பெரிய வேறுபாடில்லை. ஆனால் இதயம் பழுதுபடுவது டாக்ஸிலில் வெகுவாகக் குறைந்தது. காரணம் எளிது: இதயத் தசையின் இரத்தக் குழாய்ச் சுவர்கள் நெருக்கமானவை, குமிழ் அங்கே எளிதில் கசிவதில்லை. மறுபுறம், டாக்ஸில் பெற்றவர்களில் 48 விழுக்காட்டினருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து புண்ணாயின. மற்றவர்களில் இது 2 விழுக்காடே. இதயத்தைக் காத்தது பெரிய சாதனை. அதை அப்படியே சொன்னால் என்ன குறை? இலக்கைத் தாக்கும் கதையைக் கட்டித்தான் இதற்குப் பெருமை சேர்க்க வேண்டுமா?

கதையை நம்பி நடந்ததற்கு ஒரு சான்று எம்.எம்.-302. இது டாக்ஸோரூபிசின் அடைத்த லிப்போசோம். மேலே ஹெர்-2 ஏற்பியைப் பற்றும் எதிர்ப்பொருள். எலிகளில் நன்றாக வேலை செய்தது. ஹெர்-2 மிகுந்த மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களிடம் வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டபோது, மேலான பலன் தெரிய வாய்ப்பில்லை என்று 2016 டிசம்பரில் சோதனை நிறுத்தப்பட்டது.

அடுத்த ஆண்டு அதே மருந்தைப் பற்றி வெளிவந்த வேறோர் ஆய்வை மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். துகளில் கதிரியக்கச் செம்பை ஏற்றி, 19 நோயாளிகளின் உடலில் அது எங்கே சேர்கிறது என்று படம் எடுத்தனர். கட்டிக்குக் கட்டி, சேர்ந்த அளவு முப்பது மடங்குக்கும் மேல் வேறுபட்டது. ஒருவருடைய கட்டி துகளை வாரி வாங்கிக்கொள்ள, இன்னொருவருடையது ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. துகள் நன்கு சேர்ந்தவர்களுக்கு நோய் மோசமடைய அதிக நாள் ஆயிற்று என்றும் பின்னோக்கிப் பார்த்தபோது தெரிந்தது. பத்தொன்பது பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இதைக் கொண்டு எதையும் நிறுவிவிட முடியாது. ஆனால் துகளை இன்னும் எப்படி அலங்கரிக்கலாம் என்பதை விட்டுவிட்டு, இந்த நோயாளியின் கட்டி இதனை வாங்கிக்கொள்ளுமா என்று ஊசி போடுமுன்பே கேட்க வழி இருக்கிறது என்பதை அந்தப் படங்கள் காட்டின.