தோண்டும் முன் மண்ணுக்குள் பார்க்கலாம்: கேட்-4 பிளஸ், ஜென்னி-4 கேபிள் லொக்கேட்டர் விமர்சனம்

சுற்றுச்சுவருக்கு அஸ்திவாரம், மழைநீர் சேகரிப்புக் குழி, சம்ப், கேட்டுக்குத் தூண், போர்வெல் என்று சொந்த மனையில் மண்ணைத் தோண்டப் பல காரணங்கள் வருகின்றன. மேஸ்திரி சுண்ணாம்புத் தூளில் கோடு போடுவார். அடுத்த நிமிடமே ஜேசிபியின் பக்கெட் இறங்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே என்ன போகிறது என்று கேட்பவர்கள் குறைவு.

கேட்டே ஆக வேண்டும். எல்டி எனப்படும் தாழ்வழுத்த மின்கேபிளைக் குறைந்தது 75 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைக்கச் சொல்கிறது இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 1255. அதாவது இரண்டரை அடி. சுற்றுச்சுவர் அஸ்திவாரமோ மூன்று, நான்கு அடி இறங்குகிறது. கேபிள் படுத்திருக்கும் ஆழத்தைத் தாண்டித்தான் அது போயாக வேண்டும்.

இந்த ஆபத்தைக் குறைக்க இன்று நம் கைக்கு எட்டும் வழிகள் மூன்று: இந்திய அரசின் ‘கால் பிஃபோர் யு டிக்’ செயலி, கேபிள் லொக்கேட்டர், கையால் தோண்டும் சோதனைக் குழி. தாம்பரம் பக்கம் நண்பர் ஒருவர் தன் பழைய வீட்டு மனையில் புதிய சுற்றுச்சுவர் எழுப்பும் முன், மூன்றையும் வரிசையாகச் செய்து பார்த்தோம். கருவிக்கு, ரேடியோடிடெக்‌ஷன் நிறுவனத்தின் கேட்-4 பிளஸ் ரிசீவரையும் ஜென்னி-4 டிரான்ஸ்மிட்டரையும் சர்வே செய்பவரிடம் வாடகைக்கு எடுத்தோம்.

முதலில் செயலி

‘கால் பிஃபோர் யு டிக்’ செயலியைப் பிரதமர் 2023 மார்ச் 22 அன்று டெல்லியில் தொடங்கிவைத்தார். கண்ணாடி இழை கேபிள்கள் ஒருங்கிணைப்பில்லாத தோண்டல்களால் அறுபடுவதில் நாட்டுக்கு ஆண்டுக்கு சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று அரசு அப்போது கணக்குச் சொன்னது. அதே ஆண்டு ஜனவரியில் அறிவிக்கப்பட்ட தந்தி உள்கட்டமைப்புப் பாதுகாப்பு விதிகள், தொலைத்தொடர்பு வசதிகளைச் சேதப்படுத்தக்கூடிய வகையில் தோண்டப்போகிறவர் முன்கூட்டியே பொதுத் தளத்தின் வழியாகத் தெரிவிக்க வேண்டும் என்றன.

செயலியின் வேலை எளிமையானது. எங்கே, எப்போது, எதற்காகத் தோண்டப்போகிறோம் என்று பதிவு செய்தால், அந்தப் பகுதியில் நிலத்தடி வசதிகள் வைத்திருக்கும் நிறுவனங்களுக்குக் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் போகின்றன. நேரடியாக அழைத்துப் பேசவும் முடியும். எங்கள் பதிவுக்கு ஒரு தரப்பு விரைவாகப் பதில் தந்தது. மற்றொரு தரப்பை நாங்களே தொடர்ந்து கேட்டுப் பதில் வாங்க வேண்டியிருந்தது. பதில் வரவில்லை என்றால் கீழே ஒன்றும் இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. பகுதி மின்வாரிய அலுவலகம், குடிநீர் வாரியம், குழாய் எரிவாயு வந்திருக்கும் இடமானால் அந்த நிறுவனம் ஆகியோரைத் தனித்தனியே கேட்டுவிடுங்கள்.

செயலிக்குத் தெரியாத ஒரு பகுதி எப்போதும் உண்டு. அதுதான் உங்கள் காம்பவுண்டுக்கு உள்ளே இருப்பது. அமெரிக்காவில் 2007 முதல் 811 என்ற ஒரே எண்ணை அழைத்தால், நிறுவனங்களே இலவசமாக வந்து லைன் போகும் இடத்தைச் சாயத்தால் குறித்துவிடுகின்றன. அங்கேயும் மீட்டரைத் தாண்டி வீட்டுக்காரர் தானே போட்ட லைன்களை அவர்கள் பொதுவாகக் குறிப்பதில்லை. மீட்டரிலிருந்து போர் மோட்டாருக்குப் போகும் ஒயர், கேட் விளக்கு ஒயர், பழைய உரிமையாளர் போட்டுவிட்டுப் போன ஜிஐ பைப் போன்றவை எந்த அலுவலகத்தின் வரைபடத்திலும் இருக்காது. லொக்கேட்டரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

கருவி எப்படிக் கேட்கிறது?

கேட்-4 பிளஸ் கைப்பிடியும் தட்டையான அடிப்பகுதியும் கொண்ட ரிசீவர். உள்ளே காயில்கள் இருக்கின்றன. மின்னோட்டம் போகும் எந்தக் கம்பியைச் சுற்றியும் காந்தப்புலம் உண்டாகும். காயில் அதை உணர்ந்து ஒலியாகவும் திரையில் அளவாகவும் காட்டுகிறது. இதில் மூன்று முக்கிய மோடுகள் உண்டு. பவர் மோடு, மின்சாரம் ஓடும் கேபிளின் 50 ஹெர்ட்ஸ் புலத்தைத் தேடுகிறது. ரேடியோ மோடு, தொலைதூர வானொலி நிலையங்களின் மிகத் தாழ்ந்த அலைவரிசைச் சிக்னல்கள் நீண்ட உலோகத்தில் ஏறி மீண்டும் வெளிப்படுவதைப் பிடிக்கிறது. ஜென்னி மோடு, கூட வரும் டிரான்ஸ்மிட்டர் ஏற்றிவிடும் 33 கிலோஹெர்ட்ஸ் சிக்னலைத் தேடுகிறது. ஜென்னி-4 அதோடு இன்னும் உயர்ந்த ஓர் அலைவரிசையையும் சேர்த்தே அனுப்புவதால், மெல்லிய தொலைபேசிக் கம்பிகளும் தெருவிளக்கு ஒயர்களும் தப்புவது குறைகிறது. மூன்று மோடுகளையும் ஒரே நேரத்தில் தேடும் அவாய்டன்ஸ் மோடும் இருக்கிறது. புதியவர் அதிலிருந்து தொடங்கலாம். ஆனால் முடிவு எடுக்கும் முன் ஒவ்வொரு மோடிலும் தனித்தனியாக நடந்து பார்ப்பது அவசியம்.

களத்தில்

முதல் பாடம் மோட்டார் ஒயரில் கிடைத்தது. மோட்டார் அணைந்திருந்தபோது பவர் மோடில் சத்தமே இல்லை. மோட்டாரை ஓடவிட்டதும் மெல்லிய சிக்னல் எழுந்தது. மின்னோட்டம் இல்லாத கேபிளைச் சுற்றிக் காந்தப்புலம் இருக்காது; ஆனால் மின்னழுத்தம் இருக்கும், தொட்டால் ஆளைக் கொல்லும். ஓடும்போதுகூடச் சிக்னல் ஏன் மெல்லியது? போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒரே கேபிளுக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், ஒன்றின் புலத்தை மற்றொன்று பெருமளவு ரத்து செய்துவிடுகிறது. மூன்று ஃபேஸும் சமமாக இருக்கும் பெரிய கேபிளிலும் இதே நிலைதான். ஆகவே பவர் மோடை மட்டும் நம்பி ஒரு மனையைப் பாதுகாப்பானது என்று சொல்லவே கூடாது. தேடும்போது வீட்டில் மோட்டார், கீசர், விளக்குகள் என்று லோடை ஏற்றி வையுங்கள்.

இரண்டாவது பாடம் மெயின் கேபிளில். மீட்டர் பெட்டிக்குக் கீழே கேபிள் வெளியே தெரியும் இடத்தில் எலக்ட்ரீஷியன் ஜென்னியின் சிக்னல் கிளாம்ப்பை மாட்டினார். மின்சாரத்தை நிறுத்தவோ கேபிளைத் திறக்கவோ தேவைப்படவில்லை. ஜென்னி மோடில் சிக்னல் தெளிவாக எழுந்தது. பில்லர் பாக்ஸிலிருந்து கேபிள் நேராகத்தான் வருகிறது என்று வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். கருவி வேறு வழி காட்டியது: கேட்டைத் தாண்டியதும் கேபிள் மூலைவிட்டமாகத் திரும்பி, சுவருக்காக மேஸ்திரி போட்டிருந்த கோட்டுக்கு அடியில் போகிறது. கருவியை வாடகைக்கு எடுத்ததற்கு இந்த ஒரு கண்டுபிடிப்பே போதுமான நியாயம்.

வெளியே எதுவும் தெரியாத லைன்களைத் தேட, ஜென்னியைத் தரையில் வைத்து இண்டக்‌ஷன் முறையில் சிக்னலை மண்ணுக்குள் அனுப்பலாம். டிரான்ஸ்மிட்டருக்கு மிக அருகில் நின்றால் ரிசீவர் காற்று வழியாகவே சிக்னலைப் பிடித்துப் பொய் சொல்லும். பத்து மீட்டராவது தள்ளி நிற்பது நல்லது. வீட்டில் யாருக்கும் தெரியாத ஒரு ஜிஐ பைப் இப்படித்தான் அகப்பட்டது.

பயன்படுத்தும் முறையில் ஒழுங்கு வேண்டும். ரிசீவரை நிமிர்த்தியே பிடிக்க வேண்டும். அரிவாள் வீசுவதுபோல் பக்கவாட்டில் ஆட்டக் கூடாது. முதலில் மனையின் விளிம்பைச் சுற்றி நடங்கள். பிறகு நீளவாக்கில், பிறகு குறுக்குவாக்கில். சிக்னல் வந்த இடத்தில் சென்சிட்டிவிட்டியைக் குறைத்துக்கொண்டே வந்தால் உச்சப் புள்ளி கிடைக்கும். அங்கே நின்று கருவியைச் சுழற்றுங்கள். சிக்னல் எந்தத் திசையில் மிகக் குறைகிறதோ, அந்தத் திசையில்தான் கேபிள் ஓடுகிறது. ஒவ்வொரு புள்ளியையும் உடனே சாயத்தால் குறித்துவிடுங்கள்.

ஆழத்தை எவ்வளவு நம்பலாம்?

கேட்-4 பிளஸ், ஜென்னி சிக்னலுக்கு மட்டும் ஆழம் சொல்கிறது. எங்கள் மெயின் கேபிள் 64 சென்டிமீட்டரில் இருப்பதாகக் காட்டியது. சோதனைக் குழியில் நாடாவால் அளந்தால் 70. நல்ல நெருக்கம்தான். ஆனால் பக்கத்தில் வேறொரு லைன் ஓடினாலோ, கேபிள் வளைந்தாலோ, கிளை பிரிந்தாலோ இந்த எண் பிசகும். சரிபார்க்க எளிய வழி உண்டு: ரிசீவரைப் பத்து சென்டிமீட்டர் உயர்த்துங்கள். ஆழமும் பத்து கூட வேண்டும். கூடவில்லை என்றால் அந்த அளவை ஒதுக்கிவிடுங்கள். சரியாகவே காட்டினாலும், ‘64 காட்டுகிறது, 50 வரை ஜேசிபி இறங்கட்டும்’ என்று கணக்குப் போடாதீர்கள். ஆழமற்ற லைனை எச்சரிக்கும் ஸ்ட்ரைக்அலர்ட் வசதி பயனுள்ளதுதான். ஆனால் அது சிக்னல் கிடைக்கும் லைனுக்கு மட்டும்தான் குரல் கொடுக்கும்.

கருவி காணாதவை

பிளாஸ்டிக்கில் கருவி ஊமை. பிவிசி கழிவுநீர்க் குழாய், எச்டிபிஇ குடிநீர்க் குழாய், பாலிஎதிலின் எரிவாயுக் குழாய், உலோகம் இல்லாத கண்ணாடி இழை கேபிள் எல்லாம் இதற்கு வெறும் மண். உடன் டிரேசர் ஒயர் புதைத்திருந்தால் மட்டுமே அவற்றைப் பிடிக்க முடியும். கழிவுநீர் லைனுக்கு ஒரு வழி இருக்கிறது: சேம்பர் மூடியைத் திறந்து, சோண்ட் என்னும் சிறு டிரான்ஸ்மிட்டரைக் கம்பியின் நுனியில் கட்டி உள்ளே தள்ளி, மேலே ரிசீவரோடு நடக்கலாம். செப்டிக் டேங்க் லைனை எங்களால் இப்படிக் குறிக்க முடிந்தது. தரை ஊடுருவும் ரேடார் பிளாஸ்டிக்கையும் காட்டும் என்றாலும், ஈரக் களிமண்ணிலும் உப்பேறிய மண்ணிலும் அதன் அலைகள் சீக்கிரம் அடங்கிவிடும். படத்தைப் படிக்கப் பழகிய ஆளும் வேண்டும். சுவருக்குள் ஒயர் தேடும் சில ஆயிரம் ரூபாய் டிடெக்டரை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். அதன் பார்வை சில சென்டிமீட்டரோடு முடிந்துவிடும்.

கடைசிச் சோதனை மண்வெட்டி

‘நான் பாத்து எடுத்துடுவேன் சார்’ என்று ஜேசிபி ஆபரேட்டர் நம்பிக்கையோடு சொன்னார். அவர் கைத்திறமையில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. பக்கெட்டின் பல்லுக்குக் கண் இல்லை என்பதுதான் சிக்கல். லைன் இருப்பதாகக் குறித்த இடத்தில் முதலில் கையால் குழி தோண்டிக் கேபிளைக் கண்ணால் பார்க்க வேண்டும். குழியை லைனுக்கு நேர் மேலே வெட்டாமல், சற்றுத் தள்ளி வெட்டிப் பக்கவாட்டில் நெருங்க வேண்டும். மண்வெட்டி போதும். கடப்பாரையும் பிக்காக்ஸும் ஒரே புள்ளியில் அத்தனை விசையையும் இறக்கிக் கேபிளின் உறையைத் துளைத்துவிடும். மின்கேபிளின் கோட்டிலிருந்து அரை மீட்டருக்குள் பிரேக்கர் போன்ற பவர் டூல் வேண்டாம் என்கிறது பிரிட்டன் பாதுகாப்பு அமைப்பின் எச்எஸ்ஜி 47 வழிகாட்டி.

மண்ணே சில எச்சரிக்கைகள் தரும். முறையாகப் புதைத்த கேபிளின் மேல் மணல் பரப்பி, செங்கல்லோ கான்கிரீட் பலகையோ அடுக்கியிருப்பார்கள். உங்கள் மனையின் மண்ணுக்குச் சம்பந்தமில்லாத ஆற்று மணல், வரிசையாக அடுக்கிய செங்கல், வண்ண எச்சரிக்கை நாடா என எது கண்ணில் பட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள்.

குழாயில் கீறல் பட்டால் மண்ணைப் போட்டு மூடிவிடாதீர்கள். 2004 ஜூலை 30 அன்று பெல்ஜியத்தின் கிலங்கியன் என்ற ஊரில் எரிவாயுக் குழாய் வெடித்து 24 பேர் உயிரிழந்தார்கள். அதற்கு முன்பே நடந்த கட்டுமான வேலையில் இயந்திரம் பட்டுச் சேதமான குழாய் அது. சேதத்தை உடனே சொல்வது இன்னொருவர் உயிரைக் காப்பது.

கேபிளை இயந்திரம் வெட்டிவிட்டால் ஆபரேட்டர் இருக்கையிலேயே இருக்கட்டும், மற்றவர்கள் விலகட்டும், யாரும் இயந்திரத்தைத் தொடக் கூடாது. மின்சாரம் போய்விட்டதுபோல் தெரிந்தாலும் மீண்டும் வரலாம். தமிழ்நாட்டில் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணை உடனே அழையுங்கள். எரிவாயு வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல், நெருப்பு மூட்டாமல், காற்று வரும் திசை நோக்கி விலகி நின்று நிறுவனத்தை அழையுங்கள்.

தீர்ப்பு

கேட்-4 பிளஸ், ஜென்னி-4 ஜோடி உலோக லைன்களுக்கு நம்பகமானது, உறுதியானது, ஒரு நாளில் பழகிவிடக்கூடியது. ஒப்பந்ததாரர்களும் போர்வெல் போடுபவர்களும் சொந்தமாக வைத்திருக்க வேண்டிய கருவி. ஜென்னி இல்லாமல் ரிசீவரை மட்டும் வாங்குவது பாதிக் கண்ணோடு தேடுவதற்குச் சமம். ஒரு வீடு கட்டுபவர் வாங்கத் தேவையில்லை. பயன்படுத்தத் தெரிந்தவரோடு சேர்த்து ஒரு நாள் வாடகைக்கு எடுத்தால் போதும். சத்தம் எழுந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்று நம்புங்கள். சத்தம் வராத இடத்தில் ஒன்றும் இல்லை என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

அடுத்த முறை ஜேசிபிக்கு முன்பணம் கொடுக்கும் முன், செயலியில் பதிவு செய்யுங்கள், லொக்கேட்டரோடு நடங்கள், கையால் ஒரு குழி வெட்டிப் பாருங்கள். குழிக்குள் இறங்குபவர் பெரும்பாலும் தினக்கூலிக்கு வந்த தொழிலாளி. அவர் உயிருக்கு மனைக்காரர்தான் பொறுப்பு.